பலகையில் சுடும் சமன் மீனுக்கும் அதன் மேற்பூச்சுக்கும் தமிழ் என்ன?

ஹட்டனிலிருந்து:
அன்பர்களுக்கு வணக்கம். ஹோட்டல் சமையல் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழில் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கள் காலை பிரதி எடுக்க வேண்டும். ஒரு பாடத்தில் முட்டி நிற்கிறேன்: பிளேங்க் சமன் (சால்மன் மீன்), கிளேஸ் போட்டது.

மருந்தடிக்காத சிடார் பலகையை ஒரு மணி நேரமாவது ஊறவைத்து, மீனின் தோல் பக்கம் கீழே இருக்கும்படி அதன்மேல் வைத்துத் தணலில் மூடிச் சுடவேண்டும். பலகை புகைந்து அந்த வாசம் மீனில் ஏறும். வட அமெரிக்காவின் பசிபிக் கரைப் பழங்குடிகள் சிடார் பலகையில் மீனைக் கட்டித் தீயருகே நிறுத்திச் சுட்ட வழக்கம்தான் இதற்கு மூலம். சிவப்புச் சீனி, கடுகு, சோயா சேர்த்துக் காய்ச்சியதை இறக்கப்போகும் நேரத்தில்தான் பூசவேண்டும். முந்தினால் சீனி கருகிக் கசக்கும்.

இந்தப் பூச்சுதான் கிளேஸ். அதற்கு ‘பளபளப்பூச்சு’ என்று எழுதினேன். “சேர், இது நகத்துக்குப் பூசுறதா?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். சமன் என்றதும் எல்லோரும் டின்னைத்தான் நினைத்தார்கள். டின்னில் பெரும்பாலும் இருப்பது வேறு மீன் என்று விளக்கவே அரை மணி போனது.

யாழ்ப்பாணத்திலிருந்து:
தம்பி, வீட்டிலேயே சொல் இருக்கிறதே. சீனிப்பாணி, கித்துள் பாணி என்கிறோம். பூசினால் பாணிப்பூச்சு. எந்தப் பிள்ளைக்கும் விளங்கும்.

சென்னையிலிருந்து:
அம்மா, பாணி என்றால் இங்கே நடை, விதம். பாணிப்பூச்சு என்றால் எந்தப் பாணியில் பூசுவது என்று கேட்பார்கள். ஔவை பாலோடும் தெளிதேனோடும் சேர்த்த பாகு இருக்க, வேறெதற்கு? கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று அதற்குப் பதங்களும் உண்டு. கித்துளையும் கூந்தற்பனை என்றே எழுதலாம்.

பலகைக்கு வருவோம். பொருநராற்றுப்படையில் ‘காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை’ வருகிறது. காழ் என்பது ஊனைக் கோத்துச் சுடும் கம்பி. எதில் சுட்டது என்பதை முன்னால் வைத்துச் சொல்வது அவ்வளவு பழைய வழக்கம். சூடு என்றாலே சுட்டது என்ற பொருளும் உண்டு. ஆகவே ‘பலகைச்சூடு’.

பதுளையிலிருந்து:
ஐயா, பலகைச்சூடு என்றால் எங்கள் பிள்ளைகள் பலகை சுடுகிறது என்றுதான் படிப்பார்கள். பரேட் என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரட்டு ஆக்கி, காலையில் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் நின்று வேலைக்குப் பெயர் கொடுத்தவர்கள் எங்கள் பாட்டிமார். அது இன்று எங்கள் தமிழ். சமையலறைக்கு நாங்கள் சொல்லும் குசினியும் போர்த்துக்கேயர் விட்டுப்போனதுதான். நாளைக்கு அந்தக் குசினியில் செஃப் “கிளேஸ் எங்கே?” என்று கத்தும்போது பிள்ளை விழிக்கக் கூடாது. கிளேஸ் என்றே விடுங்கள்.

அப்புறம் ஒன்று: சிடார் கிடைக்கவில்லை என்று பைனஸ் பலகையை எடுத்துவிடாதீர்கள். பிசின் புகைந்து மீனைக் கெடுத்துவிடும்.

ஹட்டனிலிருந்து:
நேற்றிரவு கித்துள் பாணியில் தேசிக்காய்ப் புளி விட்டுக் காய்ச்சினேன். கரண்டியின் முதுகில் படிந்ததை விரலால் வழித்தேன். கோடு மூடாமல் நின்றது. கம்பிப் பதத்துக்கு முந்திய அந்த இளம்பதம்தான் நமக்கு வேண்டியது. அதைக் காட்டி “இது என்ன?” என்று பிள்ளைகளைக் கேட்டால் பாணி என்பார்கள், பாகு என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

சரி, குறிப்பில் ‘பாணிப்பூச்சு’ என்று போடுகிறேன், முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் கிளேஸ். மற்றதற்கு ‘பலகையில் சுட்ட சமன்’, அவ்வளவுதான். செய்முறை வகுப்புக்கு ட்ரவுட் கேட்டிருக்கிறேன். வெள்ளைக்காரர் நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் கொண்டுவந்து விட்ட மீன், சமன் குடும்பம்தான். உள்ளே 63 பாகை செல்சியஸ் வந்தால் இறக்கிவிடலாம்.

சென்னையிலிருந்து:
எலும்புச்சாற்றை வற்றக் காய்ச்சிப் பூசுவதும் கிளேஸ்தான், தம்பி. அதில் சீனியே இல்லை. அதையும் பாணிப்பூச்சு என்பீர்களா? பலகையில் சுட்ட சமன் சரி. பாணிப்பூச்சுக்கு நான் உடன்படவில்லை என்பதைப் பதிந்து வையுங்கள்.