முதல் பீஸ் பாஸ், இரண்டாவதிலிருந்து எல்லாம் ரிஜெக்ட்: நானே செய்த மொழியில் ‘காத்திரு’ காத்திருக்க மாட்டேன் என்கிறது

குறிச்சி_பேனல்

எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாக மண்டை காய்கிறது, யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

கோவையில் ஒரு சின்ன ஆட்டோமேஷன் பட்டறையில் வேலை. பம்ப் கேசிங்கை லீக் டெஸ்ட் செய்யும் மெஷின் ஒன்று கட்டியிருக்கிறோம். கேசிங்கை ஃபிக்ஸ்சரில் வைத்து பட்டனைத் தட்டினால் சிலிண்டர் இறங்கி வாயை மூடும், 1 பார் வரை காற்று ஏறும், வால்வு மூடி 3 விநாடி சும்மா விடுவோம், அப்புறம் 5 விநாடி அளந்து, அழுத்தம் அளவுக்கு மேல் இறங்கியிருந்தால் சிவப்பு விளக்கு. இவ்வளவுதான். ஆனால் மாடல் மொத்தம் பதினெட்டு. சிலதுக்கு இரண்டு கிளாம்ப், சிலதுக்கு இரண்டு தடவை நிரப்ப வேண்டும், மாடல் மாறும்போதெல்லாம் மெஷினை அதற்கு ஏற்ப மாற்றியமைக்கும் செட்டர் என்னைக் கூப்பிட்டு நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி அலுத்துப்போய், செட்டரே எழுதட்டும் என்று ஒரு குட்டி மொழி செய்தேன். இப்படி இருக்கும்:

கிளாம்ப் மூடு
வால்வு1 திற
காத்திரு அழுத்தம் 1.0 பார்
வால்வு1 மூடு
காத்திரு 3 விநாடி
அளவிடு
கிளாம்ப் திற

இதை ஒரு பைத்தான் புரோகிராம் படித்து, ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்டாக (பிஎல்சிக்கு எழுத்தில் எழுதும் புரோகிராம் மொழி) மாற்றிக் கொடுக்கும், அதை மெஷினை இயக்கும் கன்ட்ரோலரான பிஎல்சியில் ஏற்றுவோம். செட்டருக்கு ஒரே சந்தோஷம், அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டார்.

பிரச்சினை இதுதான். காலையில் மெயின் போட்டதும் முதல் பீஸ் சரியாகப் பாஸ் ஆகிறது. இரண்டாவதிலிருந்து வரிசையாக ரிஜெக்ட். பாஸ் ஆன அதே பீஸைத் திரும்ப வைத்தாலும் ரிஜெக்ட். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், ஒரு குமிழிகூட இல்லை. மெயினை அணைத்துப் போட்டால் மறுபடி ஒரே ஒரு பீஸ் பாஸ். இப்போது ஆபரேட்டர் அக்கா ஒவ்வொரு பீஸுக்கும் மெயினை அணைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார், ஸ்கிரீன் உயிர் பெற முக்கால் நிமிடம் ஆகிறது, புரொடக்‌ஷன் மேனேஜர் என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை.

சிமுலேட்டரும் நானே எழுதினேன். அதில் ஆயிரம் பீஸ் ஓட்டினாலும் தவறு வரவில்லை.

ஓசூர்_டூல்ரூம்

முதலில் சீலைப் பாருங்கள். கிளாம்ப் முதல் தடவை நன்றாக உட்கார்ந்து, அடுத்த தடவை ஓ-ரிங் ஒரு பக்கம் மடங்கிக்கொள்ளும், எங்கள் மெஷினில் இதே கதைதான், ஒரு வாரம் சாஃப்ட்வேரைத் திட்டிவிட்டுக் கடைசியில் பள்ளத்தை ஆழப்படுத்தினோம்.

குறிச்சி_பேனல்

ஓ-ரிங் புதிது போட்டுவிட்டேன் சார். சீல் குற்றம் என்றால் மெயின் அணைத்துப் போட்டதும் ஏன் சரியாகிறது என்பதுதான் எனக்கு இடிக்கிறது.

நடு_ஷிஃப்ட்

ஸ்கேன் டைம், அதாவது பிஎல்சி புரோகிராமை ஒரு தடவை ஓட்டி முடிக்கும் நேரம், எவ்வளவு? 6, 7 மில்லிசெகண்டுக்கு மேல் போனால் சில இன்புட் தவறிப்போகும். ஃபாஸ்ட் டாஸ்க்கில் போட்டுப் பாருங்க.

குறிச்சி_பேனல்

4 மில்லிசெகண்ட்தான். 2 ஆக்கிப் பார்த்தேன், வித்தியாசம் இல்லை.

லேடர்_தாத்தா

தம்பி, சீலையும் ஸ்கேன் டைமையும் விடு. ஃபோனை எடுத்து மெஷினை வீடியோ எடு. நல்ல பீஸ் ஒன்று, ரிஜெக்ட் ஆகிற பீஸ் ஒன்று. வால்வு1 மூடும்போது டப்பென்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்கும் ‘அளக்கிறது’ என்று ஸ்கிரீனில் வருவதற்கும் நடுவில் எத்தனை விநாடி என்று இரண்டிலும் எண்ணிச் சொல். டெஸ்ட் பெஞ்சில் இல்லை, மெஷினில்.

குறிச்சி_பேனல்

எடுத்தேன் சார். முதல் பீஸில் கச்சிதமாக 3 விநாடி. இரண்டாவது பீஸில் டப் சத்தமும் ஸ்கிரீன் மாறுவதும் ஒன்றாகவே நடக்கிறது. 3 விநாடி காணவே இல்லை! ஆனால் காற்று ஏறும் வரை காத்திருப்பது சரியாக நடக்கிறது, அளப்பதும் முழு 5 விநாடி ஓடுகிறது. நடுவில் இருக்கிற அந்த ஒன்று மட்டும் பறக்கிறது.

லேடர்_தாத்தா

அதான் ரிஜெக்ட். காற்றை வேகமாக அடைத்தால் சூடாகும், வால்வு மூடியதும் வார்ப்பு அந்தச் சூட்டை உறிஞ்ச, காற்று ஆறி அழுத்தம் கொஞ்சம் இறங்கும். அது ஓட்டை இல்லை, ஆனால் உன் மெஷினுக்கு ஓட்டைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. அந்த 3 விநாடி எதற்கு வைத்தாயோ அதற்கான தண்டனை. இப்போது ‘காத்திரு 3 விநாடி’ என்ற வரிக்கு உன் பைத்தான் என்ன எழுதித் தருகிறது, அதைப் போடு.

குறிச்சி_பேனல்

ஃபோனில் தட்டுகிறேன், தமிழிலேயே எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு காத்திருவுக்கும் தனியாக ஒரு டிஓஎன் (குறித்த நேரம் கழித்து ட்ரூ ஆகும் டைமர்) உண்டாக்குகிறேன். ஐஎன் அதை ஓடவிடும் இன்புட், பிடி வைத்த நேரம், க்யூ நேரம் முடிந்ததும் ட்ரூ ஆகும் அவுட்புட்; கேஸ் 50 என்றால் படி 50ல் இருக்கும்போது மட்டும் ஓடும் பகுதி.

கேஸ் 50:
டைமர்50 (ஐஎன் = ட்ரூ, பிடி = 3 விநாடி)
டைமர்50.க்யூ ட்ரூ ஆனால் படி = 60

அவ்வளவுதான். இதில் தவறு என்ன இருக்க முடியும்?

லேடர்_தாத்தா

இதில்தான் இருக்கிறது. நீ எழுதியதைப் பிஎல்சியாக இருந்து படித்துப் பார். 50க்கு வந்தேன், டைமரை ட்ரூ என்று கூப்பிட்டேன், 3 விநாடி ஆனது, க்யூ ட்ரூ, 60க்குப் போய்விட்டேன். சரி, இப்போது டைமர்50 என்ன நிலையில் இருக்கிறது? கடைசியாக யாரோ அதை ட்ரூ என்று கூப்பிட்டார்கள், அதற்கப்புறம் யாரும் கூப்பிடவே இல்லை. டிஓஎன் ரீசெட் ஆக வேண்டுமானால் ஐஎன் ஃபால்ஸ் என்று ஒரு தடவையாவது அதைக் கூப்பிட வேண்டும். கேஸுக்குள் வைத்ததால், 50ல் இல்லாத நேரத்தில் அது செத்த பொருள் மாதிரி உறைந்து கிடக்கிறது, க்யூ ட்ரூவாகவே. அடுத்த பீஸ் வந்து 50க்குள் நுழைந்ததும் ‘நான்தான் 3 விநாடி முடித்துவிட்டேனே’ என்கிறது. மெயின் அணைத்துப் போட்டால் நினைவு அழிகிறது, அதான் முதல் பீஸ் மட்டும் பாஸ்.

நீ ‘காத்திரு’ என்று வினைச்சொல் எழுதினாய், உன் பைத்தான் மனசில் அது தூங்கி எழுகிற சமாச்சாரம். பிஎல்சியில் தூங்குவது கிடையாது. இன்புட்டைப் படி, மேலிருந்து கீழ் ஒரு ஓட்டம், அவுட்புட்டை எழுது, மறுபடி ஆரம்பி, அவ்வளவே அதன் வாழ்க்கை.

குறிச்சி_பேனல்

அட! அப்படியானால் ‘அளவிடு’ ஏன் கெடவில்லை? அதற்கும் 5 விநாடி டைமர் உண்டே... இருங்கள், நானே கண்டுபிடித்துவிட்டேன். அளவிடு நான் முன்பே கையால் எழுதிய பிளாக், அதை கேஸுக்கு வெளியே ஒவ்வொரு ஸ்கேனும் கூப்பிடுகிறேன், கேஸுக்குள் ஸ்டார்ட் பிட்டை மட்டும் போடுகிறேன். அழுத்தத்துக்குக் காத்திருப்பதில் டைமரே இல்லை. சிமுலேட்டரில் ஒவ்வொரு காத்திருவுக்கும் புது ஆப்ஜெக்ட் உண்டாக்கித் தூக்கிப் போடுகிறேன், அதனால் பழைய நினைவு ஒட்டவே இல்லை. மூன்று நாள் சார், மூன்று நாள்.

இப்போதைக்கு ஒரே ஒரு டைமரை எல்லாக் காத்திருவுக்கும் பொதுவாக்கி, கேஸுக்குக் கீழே ஒரு தடவை கூப்பிட்டு, ‘நான் காத்திருக்கும் படியில் இருக்கிறேன்’ என்ற பிட்டை ஐஎன்னில் கொடுத்தால் போதுமா?

நடு_ஷிஃப்ட்

போதாது. செட்டர் அடுத்தடுத்து இரண்டு காத்திரு எழுதினால் நடுவில் அந்தப் பிட் ஃபால்ஸ் ஆகவே ஆகாது, இரண்டாவது பறந்துவிடும். செட்டர் எழுத மாட்டார் என்று சொல்லாதீர்கள், எழுதுவார். ஸ்கேன் டைம் பற்றிச் சொன்னது என் அவசரம், மன்னிக்கவும். ஆனால் இந்த டைமர் தகராறில் நான் நிறைய அடி வாங்கியிருக்கிறேன்.

நான் செய்வது: கேஸுக்கு மேலே ஒரே டைமர். ஐஎன் என்பது ‘படியும் பழையபடியும் ஒன்றா’ என்ற கேள்வி (பழையபடி என்பது போன ஸ்கேனில் இருந்த படி எண்). பிடியை 24 மணி நேரம் மாதிரி பெரிதாக வைத்துவிடுவேன். அதற்கு அடுத்த வரியில் பழையபடி = படி. படி மாறிய அடுத்த ஸ்கேனில் இரண்டும் ஒன்றில்லை, ஐஎன் ஃபால்ஸ், டைமர் சுழியம். அப்புறம் தானாக ஏறும். கேஸுக்குள் க்யூவைத் தொடவே மாட்டேன், கழிந்த நேரத்தை எடுத்து 3 விநாடிக்கு மேலா என்று மட்டும் பார்ப்பேன். இதில் இன்னொரு லாபம், அதே எண்ணை வைத்து ஒவ்வொரு படிக்கும் ‘இத்தனை விநாடிக்குள் முடியாவிட்டால் அலாரம்’ சும்மாவே கிடைக்கும். ஒரு குறை: ஒரு படி தன்னிடமே தாவினால் இது கவனிக்காது.

குறிச்சி_பேனல்

அப்படியே செய்தேன். நேற்று மாலை ஏற்றி, ஒரே பீஸை எடுத்து எடுத்து வைத்து நாற்பது தடவை ஓட்டினோம், நாற்பதும் பாஸ். பிறகு ஒரு பிளக்கை வேண்டுமென்றே லூசாக்கி வைத்தேன், உடனே சிவப்பு. அக்கா மெயின் சுவிட்சுக்குக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஒரு சந்தேகம் மட்டும். நான் டெக்ஸ்ட்டாக மாற்றாமல் எஸ்எஃப்சியாக (படிகளைப் படமாக வரையும் பிஎல்சி மொழி) மாற்றியிருந்தால் இது வந்தே இருக்காதோ?

நடு_ஷிஃப்ட்

இந்தத் தவறு வந்திருக்காது. பிஎல்சி மொழிகளுக்கான ஐஇசி 61131-3 ஸ்டாண்டர்டின் எஸ்எஃப்சியில் ஒவ்வொரு படிக்கும் தன்னுடைய நேரம் கூடவே உண்டு, படிக்குள் நுழையும்போது அது சுழியத்திலிருந்து தொடங்கும். 1970களில் பிரான்சில் கிராஃப்செட் என்று வரைந்தார்களே, அதன் வாரிசு. 1993ல் வந்த அந்த ஸ்டாண்டர்டில் மற்ற மொழிகளோடு இதுவும் சேர்ந்தது. ஆனால் வேறு மென்பொருளால் உண்டாக்கிக் கொடுப்பதற்கு டெக்ஸ்ட் சுலபம், படம் தொல்லை.

லேடர்_தாத்தா

நான் வேறு இடத்தில் முட்டுகிறேன். தம்பி மொழி செய்தது நல்ல காரியம், செட்டருக்குத் தமிழில் புரிகிறது என்றால் அதைவிட என்ன வேண்டும். பொதுவான புரோகிராமிங்குக்கு எழில் என்று தமிழிலேயே ஒரு மொழி இருக்கிறது, அந்த வரிசையில் இதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு மெஷின் நின்றால் யார் வருவார்? நீயா? மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன் வருவார். அவர் லேப்டாப்பை மாட்டினால் உன் பைத்தான் கக்கிய 600 வரி இருக்கும், ‘டைமர்50’ என்றால் செட்டர் எழுதிய எந்த வரி என்று அவருக்கு எப்படித் தெரியும்?

1968ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, ரிலே பேனலுக்கு மாற்றாக ஒன்று வேண்டும் என்று கேட்டது. டிக் மார்லி குழு மோடிகான் 084 என்ற பிஎல்சியைச் செய்து கொடுத்தது, அவர்களின் நிறுவனமான பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸின் 84வது புராஜெக்ட், அதான் அந்தப் பெயர். அதில் லேடர் (ரிலே வயரிங் படம் மாதிரி வரையும் மொழி) வைத்ததற்குக் காரணம் அது உயர்ந்த மொழி என்பதில்லை. ரிலே படம் படிக்கத் தெரிந்த ஆளுக்குப் புதிதாக எதுவும் கற்றுத்தர வேண்டாம் என்பதுதான். ஐம்பது வருடம் தாண்டியும் லேடர் சாகவில்லை என்றால் அந்த எலக்ட்ரீஷியன்தான் காரணம்.

அதனால் என் யோசனை: டெக்ஸ்ட்டை உண்டாக்கி ஏற்றுவதை விடு. பிஎல்சிக்குள் மாறாத ஒரு புரோகிராம் வை, உன் மொழியை வெறும் அட்டவணையாக மாற்று. ஒவ்வொரு வரியும் ஒரு வேலை எண், ஒரு அளவு, ஒரு அதிகபட்ச நேரம். அந்தப் புரோகிராம் அட்டவணையை வரிவரியாகப் படித்து ஓட்டட்டும். மாடல் மாற்ற பிஎல்சியை நிறுத்திப் புரோகிராம் ஏற்ற வேண்டாம், அட்டவணையை அனுப்பினால் போதும். ஸ்கிரீனில் ‘வரி 5: காத்திரு 3 விநாடி, கழிந்தது 1.2’ என்று செட்டரின் சொல்லிலேயே காட்டலாம். டைமர் மாதிரி தவறு இருந்தால் ஒரே இடத்தில் திருத்தினால் பதினெட்டு மாடலுக்கும் தீர்ந்தது.

அப்புறம் எமர்ஜென்சி ஸ்டாப், இரண்டு கைப் பட்டன், கிளாம்ப்பைச் சுற்றிய பாதுகாப்பு மறைப்பு இதெல்லாம் உன் மொழிக்குள் வரவே கூடாது. சேஃப்டி ரிலேயில், வயரில். செட்டர் ஒரு வரி அழித்ததால் ஒரு விரல் போகக்கூடாது.

குறிச்சி_பேனல்

சேஃப்டி எல்லாம் தனி ரிலேயில்தான் இருக்கிறது சார், அதைத் தொடவே இல்லை. அட்டவணை யோசனை பிடித்திருக்கிறது, ‘அழுத்தம் குறைந்தால் மூன்றாவது வரிக்குத் திரும்பு’ மாதிரி தாவல் வரும்போது எப்படி என்று மட்டும் யோசிக்கிறேன்.

லேடர்_தாத்தா

தாவலும் ஒரு வேலை எண்தான், அளவில் வரி எண்ணைப் போடு. ஆனால் எத்தனை தடவை திரும்பலாம் என்பதற்கும் ஒரு எண் வை, இல்லையென்றால் ஓட்டை கேசிங் ஒன்றை வைத்துவிட்டு மெஷின் விடிய விடியக் காற்று அடித்துக்கொண்டிருக்கும்.

ஓசூர்_டூல்ரூம்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என் மெஷினில் ஸ்டார்ட் பட்டனின் ரைசிங் எட்ஜ் பிளாக்கை (அமுக்கிய அந்தக் கணத்தை மட்டும் பிடிப்பது) கேஸுக்குள்தான் வைத்திருக்கிறேன், சில நேரம் யாரும் அமுக்காமலே ஒரு சைக்கிள் ஓடுகிறது. இதே வியாதியா?

நடு_ஷிஃப்ட்

அமுக்காமல் ஓடுவது அது மட்டும்தானா என்று தெரியவில்லை, ஆனால் முதலில் அதை கேஸுக்கு வெளியே எடுங்கள். எட்ஜ் பிளாக்கும் கடைசியாகக் கூப்பிட்டபோது பார்த்த நிலையைத்தான் வைத்திருக்கும், நடுவில் நடந்தது அதற்குத் தெரியாது. கடைசியாகப் பார்த்தபோது பட்டன் அமுக்காமல் இருந்தால், போன படியிலிருந்து அதை அமுக்கியே வைத்திருந்தால்கூட உள்ளே நுழைந்ததும் புது அமுக்கு என்று நினைத்துக்கொள்ளும். அதன்பிறகும் வந்தால் பட்டன் வயரிங் படத்தோடு தனி இழை தொடங்குங்கள். அதுவரை அந்த மெஷினில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.