பொருள்: 'ஃபோர்ஷேடோயிங்' என்பதற்குத் தமிழ்ச்சொல்

வணக்கம் நண்பர்களே,

சமூக மன்றத்துச் சிறுகதைப் பட்டறைக்கான சொற்பட்டியலில் 'ஃபோர்ஷேடோயிங்' என்ற ஒரே வரிதான் இன்னும் காலியாக இருக்கிறது. கதையில் பின்னால் வரப்போவதற்கான குறிப்பை முன்னாலேயே வைக்கும் உத்தி அது. பட்டறைக்கு எடுத்திருக்கும் கதை ரிச்சர்ட் கானெல் 1924இல் வெளியிட்ட 'த மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்'. ரெயின்ஸ்ஃபோர்டு பேர்போன வேட்டைக்காரன். கப்பலிலிருந்து தவறிக் கடலில் விழுந்து, ஒரு தீவில் கரையேறுகிறான். அங்கே மாளிகை கட்டி வாழும் ஜெனரல் ஸாரோஃபுக்கு விலங்கு வேட்டை சலித்துவிட்டது. இப்போது மனிதர்களைத்தான் வேட்டையாடுகிறான். உணவும் கத்தியும் கொடுத்து மூன்று மணி நேரம் முன்னால் ஓட விடுவான். மூன்று நாள் பிடிபடாமல் இருந்தால் ஓடியவனுக்கு வெற்றி.

இதுவரை வந்த சொற்கள் மூன்று. 'முன்னறிவிப்பு' என்றதும் வானிலை அறிக்கைதான் காதில் விழுகிறது. தவிர, அறிவித்துவிட்ட பிறகு கதையில் என்ன மிச்சம்? 'முன்நிழல்' ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்தது. நிழல் என்றால் அவர்களுக்குக் கேடு வரும் அறிகுறி. நமக்கோ குடைநிழல், தாள்நிழல், ஆலமர நிழல். வெயில் நாட்டு மொழியில் நிழல் என்பது அடைக்கலம். 'முன்னுணர்த்தல்' மற்ற இரண்டையும்விட மேல். ஆனாலும் ஒரு நெருடல் இருக்கிறது.

ரெயின்ஸ்ஃபோர்டு தீவில் கண் விழித்துக் காட்டோரமாக நடக்கும் இடத்தைப் பாருங்கள். புதர் நசுங்கிக் கிடக்கிறது, பாசி பெயர்ந்திருக்கிறது, செடியில் ரத்தக் கறை. பக்கத்தில் 0.22 தோட்டாவின் வெற்றுக்கூடு. இவ்வளவு பெரிய விலங்கை இத்தனை சிறிய துப்பாக்கியால் அடிக்கத் துணிந்தவன் யார் என்று வியந்துவிட்டு மேலே நடக்கிறான். வாசகரும் அவனோடு நடந்துவிடுகிறார். அங்கே நமக்கு எதுவும் 'உணர்த்தப்பட'வில்லை. பிறகு ஸாரோஃப் தன் விளையாட்டின் விதிகளைச் சொல்லும்போது, தான் மிகச் சிறிய கைத்துப்பாக்கியைத்தான் எடுத்துச் செல்வேன் என்கிறான். அப்போதுதான் அந்தச் செடியில் இருந்தது யாருடைய ரத்தம் என்று நமக்கு உறைக்கிறது. இந்த வேலைக்குத்தான் சொல் வேண்டும்.

யீஷூனிலிருந்து

———

ஐயாவுக்கு வணக்கம்.

நம்மிடம் 'நிமித்தம்' இருக்கும்போது புதிதாக ஏன் தேட வேண்டும்? சிலப்பதிகாரத்தில் கோவலன் சிலம்பை விற்கப் புறப்படுகிறான். எதிரே திமில் உள்ள காளை பாய வருகிறது. அது தீய நிமித்தம் என்று அவன் அறியவில்லை, அதை அறியும் வழக்கம் அவன் குலத்தில் இல்லை என்று இளங்கோவடிகளே சொல்லிவிடுகிறார். கண்ணகியின் கனவு அதற்கும் முன்னால் வருகிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் புரிந்துகொள்ளும் சொல் இது.

தெம்பனிசிலிருந்து

———

அக்கா, நிமித்தம் அருமையான சொல். ஆனால் அது பக்கத்து வீட்டுக்காரருடையது.

காளை எதிர்ப்பட்டபோது கோவலனுக்குத் தெரியாது, கேட்பவருக்குத் தெரியும். நெஞ்சு அப்போதே அடித்துக்கொள்கிறது. நிமித்தத்தின் பயனே அதுதான். அதை அனுப்புவது ஊழ். தோட்டாக்கூட்டை அங்கே போட்டது ஊழ் அல்ல, கதாசிரியர். அந்த நேரத்தில் பாத்திரத்துக்கும் தெரியாது, வாசகருக்கும் தெரியாது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் மாணவர் சிலம்பையும் தவறாகப் படிப்பார், இந்தக் கதையையும் தவறாகப் படிப்பார். ஆகவே நிமித்தம் தனிச்சொல்லாகவே பட்டியலில் இருக்கட்டும். இதே கதையில் அதற்கும் இடம் உண்டு: தீவின் பெயரைக் கேட்டாலே மாலுமிகள் வெலவெலத்துப் போகிறார்களே, அது நிமித்தம்.

மற்றதற்கு என் முன்மொழிவு நற்றிணை 119இலிருந்து வருகிறது. தினை மேயும் பன்றிக்காகப் புனவன், அதாவது தினைக்கொல்லைக்காரன், வைத்தது 'சிறுபொறி மாட்டிய பெருங்கல் அடாஅர்'. அதில் போய் விழுவதோ புலி.

அடார் என்பது கல் விழுந்து நசுக்கும் பொறி. அது வேலை செய்யும் விதம்தான் இங்கே முக்கியம். இன்றும் காட்டில் பிழைக்கக் கற்றுத்தருபவர்கள் காட்டும் வடிவத்தில் மூன்று கோல்கள்: ஒன்று நிமிர்ந்து நிற்கும், ஒன்று சாய்ந்து கல்லைத் தாங்கும், ஒன்று படுத்தவாக்கில் இரையை ஏந்தும். மூன்றும் வெட்டுவாயில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். கல்லின் எடையில் மிகச் சிறு பங்குதான் இரைக்கோலுக்கு வரும்; மூக்கால் தொட்டாலே போதும், மொத்தமும் சரிந்துவிடும். வெட்டு ஆழமாகிவிட்டால் இரை போகும், கல் விழாது. மேலோட்டமாக வெட்டினால் காற்றுக்கே விழுந்துவிடும்.

கதையில் ரெயின்ஸ்ஃபோர்டு முதலில் அமைப்பதும் அடார்தான். பட்ட பெருமரம் ஒன்றை உயிருள்ள சிறு மரத்தின்மேல் சாய்த்து, நீட்டிக்கொண்டிருக்கும் கிளையை விசையாக்குகிறான். மலாய்க்காரர்களின் மனிதப் பொறி என்று அதற்குப் பெயர் சொல்லப்படுகிறது. ஸாரோஃப் கிளையைத் தொட்டுவிட்டு அந்தக் கணமே பின்னால் தாவுகிறான். மரம் தோளை அடித்துச் சாய்கிறது, உயிர் தப்புகிறது. அடுத்து பர்மியப் புலிக்குழியில் ஒரு வேட்டைநாய் சாகிறது. வளைத்துக் கட்டிய இளமரத்தில் செருகிய கத்திக்கு ஸாரோஃபின் பணியாள் இவான் பலியாகிறான்.

ஆகவே: ஆசிரியர் முன்னால் போட்டுவைக்கும் சிறு செய்தி 'சிறுபொறி'. அதை வைக்கும் உத்தி 'பொறிவைப்பு'. பின்னால் வந்து விழும் விளைவு 'அடார்'.

ஜூரோங்கிலிருந்து

———

தம்பி, உவமை பிடித்திருக்கிறது. ஆனால் வகுப்பறையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உயர்நிலை மாணவருக்குப் பொறி என்றால் பொறியியல், இல்லையென்றால் தீப்பொறி. 'அடார்' என்று எழுதிப்போட்டால் அகராதியைத் தேடி ஓடுவார்கள். இங்கே சிங்கப்பூரில் பிறந்த சொற்களில் நிலைத்தது எது என்று பாருங்கள். நா. கோவிந்தசாமி தந்த 'இணையம்' நின்றதற்குக் காரணம், 'இணை' ஏற்கெனவே எல்லார் வாயிலும் இருந்த வினை. இணைத்தான், இணைப்பு, இணையவழி என்று தானாகவே கிளை விட்டது.

இன்னொன்று. எல்லாச் செய்தியும் சிறுபொறி ஆகிவிடுமா? அளவு என்ன?

தெம்பனிசிலிருந்து

———

அக்கா சொன்ன சோதனையை ஏற்றுக்கொள்கிறேன். 'எலிப்பொறி' தெரியாத பிள்ளை இல்லை. பாடத்தில் முதலில் அதைச் சொல்லிவிட்டால் பொறியியல் குறுக்கே வராது. பொறி வைத்தார், பொறி விழுந்தது, பொறி விழவில்லை என்று வினையோடும் பேசலாம். 'அடார்' வேண்டாம். அதை விட்டுவிடுகிறேன், வருத்தத்தோடு. 'பொறி விழுதல்' போதும்.

அளவுக்கு ஒரு செயல்முறை சொல்கிறேன். மாணவர் கதையை இறுதிவரை படித்து, முடிவிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். ஒவ்வொரு திருப்பத்துக்கும், முன்னால் எந்த வரி இல்லாவிட்டால் இது ஏமாற்றுவேலை ஆகிவிடும் என்று கேட்டு, அந்த வரியை மட்டும் அடிக்கோடிட வேண்டும். நீக்கினாலும் திருப்பம் நிற்கிறது என்றால் அது வெறும் வருணனை.

இதை வைத்துக் கட்டிலைச் சோதியுங்கள். முதலில் மாளிகையில் தங்கும்போது நல்ல மெத்தை, பட்டு உடை, உடம்பெல்லாம் அசதி. இருந்தும் ரெயின்ஸ்ஃபோர்டுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கடைசி வரியில், ஸாரோஃபின் கட்டிலைப் பற்றி, இதைவிட நல்ல கட்டிலில் தான் படுத்ததே இல்லை என்று அவன் முடிவுசெய்கிறான். ஸாரோஃப் செத்தான் என்று எந்த இடத்திலும் எழுதப்படவில்லை, கட்டில்தான் சொல்கிறது. தூங்காத அந்த முதல் இரவை நீக்கிப் பாருங்கள், கடைசி வரி பாதி செத்துவிடும்.

பிழைகள் இரண்டு வகை. கப்பல் பேச்சில், உலகில் வேட்டையாடுவோர், வேட்டையாடப்படுவோர் என இரண்டே கூட்டம் என்று ரெயின்ஸ்ஃபோர்டு சொல்கிறானே, அதை என் கணக்கில் காற்றுக்கு விழும் பொறி என்பேன்; கொஞ்சம் பழகிய வாசகர் அங்கேயே கதையைப் பிடித்துவிடுவார். மற்றது, பட்டறைக் கதைகளில் அடிக்கடி வருவது: அலமாரியில் கத்தி என்று எழுதிவிட்டுக் கடைசிவரை கத்தியைத் தொடாமலே போவது.

வேட்டையின் முதல் இரவு ரெயின்ஸ்ஃபோர்டு நரிபோலச் சுற்றிச் சுற்றித் தடத்தைக் குழப்புகிறானே, வாசகரை வேண்டுமென்றே வேறு பக்கம் இழுக்கும் உத்திக்கு அதிலிருந்தே 'பொய்த்தடம்' என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜூரோங்கிலிருந்து

———

இருவருக்கும் நன்றி. பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்:

பொறிவைப்பு: பின்னால் வரப்போகும் திருப்பத்துக்குத் தேவையான செய்தியை, அதன் முக்கியத்துவம் அப்போது தெரியாதபடி முன்னதாகவே கதைக்குள் வைத்தல். அப்படி வைக்கப்படும் ஒவ்வொரு செய்தியும் சிறுபொறி. (தேர்வுத்தாளில் 'முன்னுணர்த்தல்' என்று வந்தாலும் இதுவே.)

நிமித்தமும் பொய்த்தடமும் தனித்தனி வரிகளாக ஏறும். எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சிறுபொறி என்பதில் ஒற்று மிகாது. நற்றிணையிலும் அப்படித்தான். இரண்டு வரைவுகளில் 'சிறுப்பொறி' என்று வந்திருந்தது, திருத்திவிட்டேன்.

யீஷூனிலிருந்து