கட்சிக்காக எழுதுபவன் நெல்லைப் பற்றி எழுதக்கூடாதா?

நீடாமங்கலத்தான்: பைசா வாங்காமல் முகநூலில் கட்சிக்காக எழுதுகிறேன். கொள்முதல் நிலையத்தில் எங்கள் குறுவை நெல் நனைந்து கிடப்பதைப் படமாகப் போட்டேன். மத்திய அரசு தளர்த்தாவிட்டால் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் உள்ள நெல்லைக் கொள்முதல் செய்ய மாட்டார்கள், ஊருக்கே தெரியும். ஐடி விங் தம்பி, "படத்தை எடுத்துடுங்கண்ணே, எதிர்க்கட்சிக்காரன் பரப்புறான்" என்கிறான். எடுக்கவா?

வலங்கைமான் விவசாயி: எடுக்காதீங்க. மேட்டூர் திறந்தால் மட்டும் நம்மிடம் படம் கேட்பார்கள்!

குடந்தை வக்கீல்: காசு வாங்கினால்தான் சிக்கல். வேட்பாளரின் சமூக ஊடகச் செலவையும் தேர்தல் கணக்கில் காட்டச் சொல்லி ஆணையம் 2013லேயே உத்தரவிட்டது. நீங்கள் வெறும் ஆதரவாளர், ஊழியர் இல்லை.

நீடாமங்கலத்தான்: டீகூட வாங்கித் தரவில்லை சார். சரி, படம் இருக்கட்டும். தார்ப்பாய் எப்போது வரும் என்று அந்தத் தம்பியிடமே கேட்டிருக்கிறேன்.