காரங்காட்டில் பூச்சிக்கடியைத் தவிர்க்க வழி சொல்லுங்கள்
உறுப்பினர்களுக்கு வணக்கம். அடுத்த வாரம் குழந்தைகளுடன் காரங்காடு அலையாத்திக் காட்டில் படகுச் சவாரி முடித்து, இருட்டும்வரை தேவிபட்டினம் கடற்கரையில் தங்க எண்ணியுள்ளோம். முழுக்கைச் சட்டை அணிந்தாலும், சேற்றோரம் நிற்கும்போது கண்ணுக்கே தெரியாத பொடி ஈக்கள் கணுக்காலைக் கடித்து, தடிப்பு நாள்கணக்கில் அரிக்கிறது. கடற்காற்று விழுந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். டீட் (DEET) என்ற பூச்சிவிரட்டி வேதிப்பொருள் கலந்த களிம்பு பலன் தரும் என்பதையும், வெயில் களிம்புக்கு மேல்தான் அதைப் பூச வேண்டும் என்பதையும் அறிவேன். ஆனால் வியர்வையில் அது எவ்வளவு நேரம் தாங்கும்? டீட் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும் என்பதால், மூக்குக்கண்ணாடி அணியும் நான் பிக்காரிடின் என்ற மாற்றுப் பூச்சிவிரட்டியை வாங்கலாமா, ராமநாதபுரம் மருந்துக் கடைகளில் அது கிடைக்குமா? தேங்காய் எண்ணெயில் வேப்பெண்ணெய் கலந்து பூசுவதில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கையில்லை. பூசிப் பார்த்தவர்கள் கலந்த அளவுடன் எழுதினால் உதவியாக இருக்கும்.