மீன்ஸ் ரெஸ்ட்ரிக்ஷன்: "எட்டவிடாமை" சரிவருமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
தற்கொலை பற்றிய ஆய்வேட்டுக்குத் தமிழ்ச் சுருக்கம் எழுதுகிறேன். மீன்ஸ் ரெஸ்ட்ரிக்ஷனுக்கு (தற்கொலைக்குப் பயன்படும் பொருள்கள் கைக்குக் கிடைக்காமல் செய்வது) "வழித்தடுப்பு" என்று போட்டிருக்கிறேன். பொருந்துமா ஐயா?

அக்கரைப்பற்றிலிருந்து:
தங்கச்சி, "தடுப்பு" மட்டும் வேண்டாம். நம்மட பக்கம் "தடுப்பில இருந்து வந்தவர்" என்றால் தடுப்புக்காவலில் இருந்து வந்தவர் என்று உங்களுக்கே தெரியும். போதாததற்கு, தற்கொலைக்கு முயல்வதே இலங்கையில் 1998 வரை குற்றம். பொலிஸ் வாடை அடிக்கும் சொல்லை, வார்டில் கிடக்கிற பிள்ளையின் தாயிடம் எப்படிச் சொல்வீர்கள்?

மறிப்பது ஆளை அல்ல, பொருளை. சாகத் தோன்றும் அந்த வேகம் பலருக்கு ஏறிய கையோடு இறங்கிவிடும். அந்த நேரத்தில் நஞ்சு கைக்கு எட்டாவிட்டால் உயிர் தப்பும். அப்படித் தப்பியவர்களில் பெரும்பாலானோர் பிறகு தற்கொலையால் சாவதில்லை. 1995 அளவில் இலங்கையில் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். கடும் நச்சுக் கிருமிநாசினிகளைப் படிப்படியாக நாட்டுக்குள் வரவிடாமல் செய்தபின் அந்த விகிதம் மூன்றில் ஒன்றளவுக்கு இறங்கியது. நெல் விளைச்சலும் விழவில்லை (வெள்ளாமைக்காரர் முதலில் கேட்பது அதைத்தானே).

"பூட்டு" வருகிற சொல்லும் சரிவராது. வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் நடந்த ஆய்வில் வீடுகளுக்குக் கிருமிநாசினி வைக்கப் பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது: நஞ்சருந்துவது குறையவில்லை. வயல்வாடிக் கூரைக் கிடுகில் செருகி வைத்த எண்ணெய்ப் (கிருமிநாசினிப்) போத்தலைப் பெட்டிக்குள் வைத்தாலும் சாவி வீட்டில்தானே! என் தெரிவு "எட்டவிடாமை". செய்பவர் ஒருவர் இருக்கிறார் என்பது "விடாமை"யில் தெரிகிறது. அது அரசாகவும் இருக்கலாம், கடைக்காரராகவும் இருக்கலாம்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
"தடை"யை ஏன் விட்டீர்கள் என்று கேட்க வந்தேன், பதில் எனக்கே கிடைத்துவிட்டது. இங்கிலாந்தில் 1998இல் வலிமாத்திரைப் பெட்டிகளைச் சிறிதாக்கினார்கள், விற்பனையை நிறுத்தவில்லை. அது தடை இல்லை, எட்டவிடாமைதான். ஆனால் எதை எட்டவிடாமை? தனியே நின்றால் விளங்காது. "நச்செட்டவிடாமை" வாயில் நுழையாது, மாத்திரையும் அடங்காது.

அக்கரைப்பற்றிலிருந்து:
முதல் தடவை "தற்கொலைவழி எட்டவிடாமை" என்று முழுதாக எழுதுங்கள், பிறகு "எட்டவிடாமை" போதும். கேள்விக்கொத்தில் இரண்டுமே வேண்டாம், "எண்ணெய்ப் போத்தலை எங்க வைப்பீங்க?" என்றே கேளுங்கள். கடைசிப் பக்கத்தில் 1926, மனநல உதவி இலக்கம், பெரிய எழுத்தில் வரட்டும். வேறு மறுப்பு இருந்தால் மற்றவர்கள் வெள்ளிக்குள் எழுதுங்கள்.