பொருள்: ட்ரெடிஷனல் பாப், ஃபோக்-ராக்: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே,

அமெரிக்கப் பாடகர் பாபி டாரின் பற்றிய கட்டுரையில் ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன்: ‘1966-இல் ஒரு ட்ரெடிஷனல் பாப் பாடகர் ஃபோக்-ராக் ஆல்பம் போட்டார்.’ முதலாவது, ராக் வருமுன் இருந்த பாப் வகை. இரண்டாவது, ஃபோக் பாணிப் பாட்டை ராக்கோடு கலப்பது.

‘மரபுப் பாப்’, ‘நாட்டுப்புற ராக்’ என்று போட்டுப் பார்த்தேன். தமிழாகிவிட்டது, பொருள்தான் தொலைந்துவிட்டது. மரபு என்றதும் நமக்குத் தம்பூராவும் சபா மேடையும் தோன்றும். டாரினுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? 1959-இல் ஒன்பது வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்த ‘மேக் த நைஃப்’பைக் கேளுங்கள். கோட்டு சூட்டுக் குரல், பின்னால் ஊதுகருவிக் கூட்டம், பாட்டு போகப் போக ஏறிக்கொண்டே போகும் சுருதி.

ஃபோக் பக்கமும் இதே சிக்கல். அந்த ஆல்பத்தின் ‘இஃப் ஐ வேர் எ கார்பென்டர்’ ஊர்வழிப் பாட்டு அல்ல. டிம் ஹார்டின் அப்போது எழுதிய புதுப் பாட்டு. நாற்று நடவும் இல்லை, ஒப்பாரியும் இல்லை. டாரின் அதைக் காதோரம் சொல்வதுபோல் பாடினார். எட்டாம் இடம் வரை போனது.

என் முன்மொழிவு: முதலாவதுக்குப் ‘பல்லிய மெல்லிசை’ (பல்லியம் என்றால் பல வாத்தியங்கள்), இரண்டாவதுக்கு ‘நாட்டார்வழி ராக்’. ராக்கை அப்படியே விடுகிறேன், ‘பாறை இசை’ வேண்டவே வேண்டாம்.

---

அண்ணா,

இலங்கையில் பொப்பிசைக்குத் ‘துள்ளிசை’ என்ற சொல் எப்போதோ வந்துவிட்டது. அதை விட்டுவிட்டு ஏன் புதுச்சொல்? அப்புறம், பல்லியம் என்று படித்ததும் எனக்குச் சுவரில் பல்லிதான் ஓடியது.

---

தம்பி,

துள்ளிசை நல்ல சொல்தான். டாரினின் 1958 ‘ஸ்ப்ளிஷ் ஸ்ப்ளாஷ்’ உண்மையிலேயே துள்ளும். ஆனால் ‘பியாண்ட் த சீ’ மிதக்கிற பாட்டு. ராக் வருமுன் இருந்த இந்த வகைக்கு அடையாளமே பின்னால் நிற்கும் பெரிய வாத்தியக் கூட்டம்தான். அதனால்தான் பல்லியம், ‘பல்லியம் கறங்க’ என்று புறநானூற்றிலேயே இருக்கிறது. பல்லிக்கு நான் பொறுப்பில்லை.

உங்கள் மடலுக்குப் பிறகு வேறொரு சொல்லை மாற்றினேன். ‘நாட்டார்வழி ராக்குக்குத் தாவினார்’ என்று எழுதியிருந்தேன், அது அநியாயம். பின்னால் பேர்ட்ஸ் என்ற ஃபோக்-ராக் குழுவைத் தொடங்கிய மெக்வின், அறுபதுகளின் தொடக்கத்தில் டாரினுக்குக் கிதார் வாசித்தவர். 1969-இல் டாரின் எழுதிய ‘சிம்பிள் சாங் ஆஃப் ஃப்ரீடம்’ பாட்டை ஹார்டின் பாடினார். இப்படிக் கொடுக்கல் வாங்கல் உள்ள இடத்துக்கு யாரும் தாவிப் போவதில்லை.

இப்போதைய வரி: ‘பல்லிய மெல்லிசைப் பாடகரான டாரின், 1966-இல் நாட்டார்வழி ராக் பக்கம் வந்தார்.’ வெள்ளிக்கிழமை கட்டுரையைக் கொடுக்க வேண்டும். அதற்குள் பல்லி ஓடாத சொல் கிடைத்தால் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.