புதுப்பிப்பு: அகநானூறு, நாளுக்கு ஒரு பாடல் – எனக்குப் பலித்த வரிசை

சங்ககாலக் காதல் பாடல்களின் தொகுப்பான அகநானூற்றை நாளுக்கு ஒன்றாகப் படிக்கையில் பிரிவைப் பாடும் பாலையே மீண்டும் மீண்டும் வருகிறதே, எப்படித் தொடர்வது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி.

பாட்டெண்ணை வைத்துத் திணைவாரியாக (குறிஞ்சி, முல்லை போன்ற ஐந்து பிரிவுகளின்படி) படிக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. ஒற்றைப்படை எண்கள் முழுவதும் பாலை, அதாவது 400இல் 200. இரண்டிலும் எட்டிலும் முடிபவை குறிஞ்சி, நான்கில் முடிபவை முல்லை, ஆறில் முடிபவை மருதம், பத்தின் மடங்குகள் நெய்தல். முல்லையின் 40 பாடல்களில் தொடங்கினேன். கார்காலமும் விரையும் தேரும் அடுத்தடுத்து வரவே, அருஞ்சொற்கள் அகராதி இல்லாமலே பழகிவிட்டன. என்ன அழகான தொகுப்பு!

எதிர்பாராதது ஒன்று: கடைசிக்கு ஒதுக்கிய பாலைதான் இப்போது மிகவும் பிடித்திருக்கிறது. சிறு பாடல்களின் தொகுப்பான குறுந்தொகையில் தொடங்கச் சொன்ன யோசனையை இன்னும் முயலவில்லை. சந்தி பிரித்த (சேர்ந்துவரும் சொற்களைத் தனித்தனியாக அச்சிட்ட) பதிப்பு கட்டாயம் தேவை.